ஊசிச் சூடும் வெள்ளை மருந்தும்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப்பிழையும் இருக்கும். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் பல் விஷயத்தில் நான் சொல்வது தப்பாகாது.

போன வாரம் பத்திரிகையில் ஒரு துண்டுச் செய்தி. பல் உடைந்து நரம்பு வெளியே தெரிந்தால், வெளிநாட்டில் லேசர் என்ற ஒளியால் சூடு கொடுத்து ஆற்றிப் பார்க்கிறார்களாம். படித்துக் காட்டியதும் என் மச்சான், மனைவியின் அண்ணன், தொடையில் தட்டினார்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை! வெள்ளைக்காரன் இப்பத்தான் கண்டுபிடிக்கிறான். நான் அன்னைக்கே ஊசியில செஞ்சிட்டேன்லா!"

மச்சான் தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போடுபவர். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்காவது பல் உடைந்து நரம்பு தெரிந்தால், கோணி ஊசியைப் பழுக்கக் காய்ச்சி அங்கே ஒரு சூடு வைப்பார். எழுபத்து நாலில் என் கடைவாய்ப் பல்லுக்கும் வைத்தார். வலி அப்போதே நின்றது. எங்கள் மலையில் காலைக் குழாய்த் தண்ணீர் ஐஸ் போல இருக்கும். அதைக் கொப்பளித்தாலும் அந்தப் பல் கூசவில்லை. கூசாவிட்டால் குணம் என்றுதான் லயத்தில் எல்லாருக்கும் நினைப்பு. எனக்கும் அதே நினைப்பு. இரண்டு வருஷத்தில் பல் கறுத்து, தாடை வீங்கி, பிடுங்க வேண்டியதாயிற்று. பல் செத்துப்போனதால்தான் கூசவில்லை என்று பிடுங்கிய டாக்டரம்மா சொன்ன பிறகே புரிந்தது.

எழுபத்தெட்டில் ஒரு மழைநாள். மலைச்சரிவில் வழுக்கி விழுந்த என் மனைவியின் வாயில், கொழுந்து வெட்டும் கத்தரியின் பிடி இடித்து முன்பல் உடைந்தது. உடைந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி. நான் வீட்டுக்கு ஓடி வருவதற்குள் மச்சான் ஊசியை அடுப்பில் செருகிவிட்டார்.

"வாயத் தொற தங்கச்சி. ஒரு நிமிசம்தான்."

நான் நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிறவன். ஆனால் அவள் சிரிப்பைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டேன். அந்தப் பல் கறுக்கக் கூடாது.

"வேணாம் மச்சான்," என்றேன்.

"ஏன், ஒங்களுக்கு வலி நிக்கலியா?"

"நின்னுச்சு. அப்புறம் பல்லும் போயிடுச்சு."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டே, "அண்ணே, ஊசியக் கீழ வைங்க. இவரு வாயத் தொறந்ததே அதிசயம்," என்றாள்.

கொழுந்து லோரியில் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே டாக்டரம்மா. பல் உடைந்த உடனே வந்தது நல்லது, நாள் கடந்தால் மருந்து பிடிக்காது என்றார். சுத்தம் செய்து, சிவப்பின் மேல் சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளை மருந்தை வைத்து, சிமெண்டால் மூடினார். மருந்துக்கு அடியில் பல் தானே சுவர் கட்டிக்கொள்ளுமாம். லேசாகக் கூசினால் பயமில்லை, உயிர் இருக்கிறது. சும்மா இருக்கும்போதே துடித்து வலித்தால் வா என்று மலாய் மொழியில் சொன்னார்.

மச்சானின் ஊசியைப் போல அந்த மருந்து உடனே வலியை நிறுத்தவில்லை. "என்ன மாப்பிள்ளை, டவுன் மருந்து? தங்கச்சி இன்னும் கஞ்சிதான் குடிக்குதாமே லா!" என்று மச்சான் மூன்று நாள் கேலி செய்தார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஒரு மாதம், தினமும் காலையில் அவள் கொப்பளிக்கும்போது குழாயடியில் போய் நின்றேன். "ஸ்ஸ்... கூசுது," என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் வேலைக்குக் கிளம்புவேன்.

லேசர் சூடு, டாக்டர் கையில் அளந்து கொடுக்கும் சூடு. பல்லைக் காப்பாற்றத்தான் அது. மச்சானின் ஊசிக்கு அளவேது? லேசர் மேலா மருந்து மேலா என்பதைப் படித்தவர்கள் பார்த்துச் சொல்லட்டும். மருந்தைப் பற்றி நான் சொல்வேன்: பத்து வருஷமாகியும் அந்தப் பல் கறுக்கவில்லை. இன்று காலையும் குழாயடியில் "ஸ்ஸ்" என்றாள். உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

13 மார்ச் 1988, ஞாயிற்றுக்கிழமை.