சந்தனம் வைத்த இன்ஜின்

எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் இன்ஜின் மலையிறங்கிக் கடல் தாண்டியது 1978இல் என்று நான் குறித்து வைத்திருக்கிறேன். அண்ணன் எழுபத்தொன்பது என்பான். அந்த வருடம் தீபாவளி அக்டோபர் கடைசியில் வந்தது என்பதும், நான் தோட்டப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் இருந்தேன் என்பதும் என் பக்கத்துச் சாட்சிகள். மலையிறங்கியது எழுபத்தெட்டில், கடல் தாண்டியது எழுபத்தொன்பதில். ஆக இருவரும் பாதி சரி. இடையில் அது ஏன் அத்தனை மாதம் கரையில் கிடந்தது என்பதுதான் கதை.

அந்த டீசல் இன்ஜினை ஓட்டியவர் எங்கள் அப்பா. ஆளைவிட உயரமானது, பக்கவாட்டில் இருந்த இரும்புச் சக்கரத்தைப் பார்த்தால் ரதச் சக்கரம் சின்னதாகத் தெரியும். லயத்து வீடுகளில் அதன் துடிப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். அரசாங்க மின்சாரம் தொழிற்சாலைக்கு வந்த பிறகு அது நின்றது. நின்ற முதல் நாள், அலமாரியில் இருந்த பாத்திரங்கள் அதிராததைப் பார்த்து அம்மா சமையலை விட்டுவிட்டுச் சற்று நேரம் நின்றாள்.

மெர்சிங் துறைமுகத்திலிருந்து ஒரு தவுக்கே, சீன முதலாளி, வந்து அதை வாங்கினார். அங்கிருந்து கடலில் வெகுதூரம் போனால் ஒரு சின்னத் தீவு; அங்கே பிடிக்கும் மீன் பனிக்கட்டி இல்லாமல் கெட்டுப்போகிறது; இன்ஜினை வைத்து ஐஸ் தொழிற்சாலை போடப்போகிறார். இன்ஜினோடு ஆளும் வேண்டும் என்றார். அப்பா முதலில் போய் இன்ஜினைப் பொருத்தி ஓட்டிக் காட்ட வேண்டும். பிறகு வீடு தருவார்; நாங்களும் போய்ச் சேர வேண்டும். தொழிற்சாலையில் இனி தனக்கு என்ன வேலை என்று தெரியாத அப்பா சரி என்று சொல்லிவிட்டார்.

பெரியப்பா தொழிற்சாலை ஆட்களுக்குக் கங்காணி. அவர்தான் சிரித்தார். "நம்ம தாத்தன் கப்பல்ல வந்து மலை ஏறினாரு. நீ மலை எறங்கி கப்பல் ஏறப் போறியா, தம்பி? கணக்கு சரியாப் போச்சு லா."

அம்மா சிரிக்கவில்லை. அவள் கொழுந்து பறிப்பவள். அவள் வேலையில் இருக்கும்வரை தோட்டத்து வீடு அவள் பேரிலும் நிற்கும். "பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா அங்க எங்க தூக்கிட்டு ஓடுறது?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள்.

"அங்கயும் மனுசங்க இருக்காங்க லா," என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தவுக்கே எங்கள் வீட்டில் தேநீர் குடித்த அன்று மட்டும், கடல் எப்போது மூடும் என்று அப்பாவை விட்டுக் கேட்க வைத்தாள். தவுக்கே கையை விசிறிக் காட்டினார். "அங்கின் டத்தாங், லாவுட் துத்துப்!" காற்று வந்துவிட்டால் கடல் மூடிவிடும், தீபாவளிக்குப் பிறகு எந்தப் படகுக்காரனும் இவ்வளவு பெரிய பாரத்தை ஏற்ற மாட்டான், திறக்கச் சீனப் புத்தாண்டுப் பெருநாள் தாண்ட வேண்டும். அம்மா அவருக்கு இன்னும் கொஞ்சம் சீனி போட்டுக் கொடுத்தாள்.

இன்ஜின் வெளியே வரத் தொழிற்சாலைச் சுவரை இடித்தார்கள். உருளைக் கட்டைகள்மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தி வாசலில் நிறுத்தினார்கள். டிரெய்லர் லோரி வர வேண்டியதுதான் பாக்கி.

ஆயுத பூசைக்கு இரண்டு நாள் முன்பு, டிரெய்லர் வரவிருந்த காலையில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடுவதற்கு முன்பே அம்மா என்னை எழுப்பினாள். "அப்பா இன்ஜினுக்கு இந்த வருசம் நீதான் பொட்டு வைக்கணும்," என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வருடா வருடம் அது ஆண்கள் செய்கிற காரியம். பனியில் இரும்பு சில்லிட்டிருந்தது. அம்மா என் இடுப்பைப் பிடித்துத் தூக்க, நான் சக்கரம் முழுக்கச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன். அவள் வேப்பிலை கட்டி, சூடம் ஏற்றி, எலுமிச்சம்பழம் வைத்தாள். "யாருகிட்டயும் சொல்லாத. சாமி காரியம்," என்றாள்.

டிரெய்லர் ரிங்லெட் மலைச்சாலை வளைவுகளில் முக்கி முனகி எட்டு மணிவாக்கில் வந்து சேர்ந்தது. பெரியப்பாவின் ஆட்கள் பாரம் தூக்கும் செயின் பிளாக்கை எடுத்துக்கொண்டு போனவர்கள், இன்ஜினைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். பூசை போட்டு வைத்த கருவியை விஜயதசமிக்கு முன் யாரும் தொட மாட்டார்கள். மண்வெட்டிக்கே அந்த மரியாதை உண்டு. இன்ஜினுக்கு இல்லாமல் போகுமா?

"இன்னும் ரெண்டு நாள் இருக்கே, யார் பொட்டு வச்சது?" என்றார் துரை. துரை என்று நாங்கள் கூப்பிட்ட மானேஜர் வெள்ளைக்காரர் அல்ல. ஈப்போக்காரர், எங்களைப் போலவே தமிழர். ஆட்களின் பக்கம் திரும்பினார். "சரி, தொடச்சிட்டுத் தூக்குங்கடா."

"வச்ச பொட்டை அழிக்கிறதாங்க துரை?" என்றார் பெரியப்பா. "கடல் தாண்டப் போற ஆள் பக்கத்துல நிக்கிறான். அவன் பொஞ்சாதியும் நிக்கிறா. அந்தக் காரியத்தைத் துரையே செய்யட்டும். துணி தரேன்."

துரை துணியை வாங்கவில்லை. தவுக்கே தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தார். காற்று, கடல் என்று கத்தினார். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். இன்ஜின் அவர் கைக்குப் பழகியது. அவர் தொட்டால் மற்றவர்களும் தொடுவார்கள். அப்பா சக்கரத்தின் அருகே போய், சந்தனத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தசமி கழியட்டும்," என்றார்.

டிரெய்லர் தசமிக்குக் காத்திருக்கவில்லை. அதற்கு வேறு பாரங்கள் இருந்தன. தீபாவளி முடிந்த வாரத்தில்தான் திரும்பி வந்தது. முன்னால் போலீஸ் மோட்டார் சைக்கிள், பின்னால் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தபடி நடக்கும் ஆட்கள் என்று அடிவாரத்துத் தாப்பாவுக்குப் போகும் சாலையில் ஒவ்வொரு வளைவாக இறங்கியது. மலைமேல் கம்போங் ராஜாவிலிருந்து வந்த காய்கறி லோரிகள் பின்னால் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. அப்பா மெர்சிங் வரை போனார். கடல் மூடியிருந்தது. இன்ஜினைக் கித்தான் போட்டு மூடிவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தார்.

காத்திருந்த மாதங்களில் தொழிற்சாலையின் புதிய மோட்டார்களுக்கு ஆள் தேவைப்பட்டது, அப்பாவைப் போட்டார்கள். கடல் திறந்ததும் அவர் தீவுக்குப் போனார், இன்ஜினைப் பொருத்தினார், தீவுக்காரப் பையன் ஒருவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு, ஒரு பை நிறையக் கருவாட்டோடு வந்து சேர்ந்தார். கடலைப் பற்றிக் கேட்டால், "தண்ணிதான் லா," என்பார்.

ஆனால் என் நினைவில் தங்கியிருப்பது கருவாடல்ல. டிரெய்லர் வெறுமையாகத் திரும்பிய அந்தக் காலை, கூட்டம் கலையும்போது அப்பா என் கையைப் பிடித்தார். விரலெல்லாம் சந்தன மஞ்சள். என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், மண்ணெண்ணெய் போட்டு, சவர்க்காரம் போட்டு, நகக்கண் நகக்கண்ணாகக் கழுவினார். பிறகு விரல்களை முகர்ந்து பார்த்தார். "வாசம் போகல," என்று முணுமுணுத்தபடி, சட்டைப்பையில் இருந்த துணியை எடுத்து, அதிலிருந்த கிரீஸை என் பத்து விரலிலும் தடவிவிட்டார்.

பள்ளிக்கூடச் சட்டையில் கிரீஸ் பட்டால் அம்மாவிடம் அடி நிச்சயம். அழுதுகொண்டேதான் வீட்டுக்குப் போனேன். அம்மா என் கையைப் பார்த்தாள். பின்னால் வந்த அப்பாவைப் பார்த்தாள். என் சட்டையைக் கழற்றி வாளியில் போட்டாள், திட்டவில்லை. அன்று நான் எப்படித் தப்பினேன் என்று எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை.