பாதிக்குப் பாதி

மோர்னிங்சைட் புறநகரில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால், மின்கோபுரங்களுக்குக் கீழே, குடியிருப்பாளர்களுக்குத் தோட்டத் துண்டுகள் கொடுப்பார்கள். என் கணவர் ஒன்றுக்கு எழுதிப்போட்டுவிட்டு மறந்துபோனார். அது கிடைத்தபோது அவருக்குப் பேக்கரித் தொழிற்சாலையில் ஓவர்டைம், எனக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. துண்டில் புல் நன்றாக வளர்ந்தது.

எதிர் வீட்டில் ஒரு சிந்தி முதியவர் மகளோடு இருந்தார். பாகிஸ்தானிலிருந்து அகதியாக வந்தவர். வலது காலை இழுத்து நடப்பார். ஒருநாள் லிஃப்டில் என் கணவரிடம், "பிரதர், உங்கள் நிலம் சும்மா கிடக்கிறது. நான் கொத்தட்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கணவருக்குப் பெரிய சந்தோஷம். விதையும் பசளையும் தன் பொறுப்பு, விளைவதில் பாதிக்குப் பாதி என்றார். முதியவர் அவரைக் கொஞ்சநேரம் பார்த்தார். "பாதிக்குப் பாதி," என்று தானும் ஒருமுறை சொல்லிவிட்டுச் சரி என்றார்.

ஆடி மாதம் கத்தரியும் வெண்டியும் காய்த்தன. எங்கள் பங்கு ஒரு பையில் கதவுக் குமிழில் தொங்கும். மூன்றாவது பையைக் கணவர் கையில் தூக்கிப் பார்த்தார்.

"உது பாதி மாதிரித் தெரியேல்லையே."

"கேட்டுப் பாருங்கோவன்," என்றேன்.

அவர் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை, பறிப்பதைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனார். இருந்து பார்க்க ஒரு மடக்குக் கதிரையும் கொண்டுபோனார்.

அதற்குப் பிறகு பை வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். முதியவர் கைகளைக் கட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். கத்தரிக்காய்கள் முற்றி மஞ்சளாகிக்கொண்டிருந்தன.

"உடம்புக்கு ஏதும் சரியில்லையா?"

"வேலைநிறுத்தம், சிஸ்டர்," என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை.

அன்று பின்னேரம் மகள் எங்கள் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்க வந்தாள். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு தகப்பனின் கதையைச் சொன்னாள். அவருடைய அப்பா ஒரு நிலச்சுவான்தாரின் வயலில் பாதிப் பங்குக்கு உழுதவர். விதை, தண்ணீர், பழைய கடன் எல்லாம் கழித்தால் அந்தப் பாதியில் ஒன்றும் மிஞ்சாது. மகன் வளர்ந்ததும் ஊர் ஊராகப் போய் அப்படிப்பட்ட உழவர்களைக் கூட்டினார். ஒரு அறுவடையில் எல்லாரும் களத்து நெற்குவியலின்மேல் ஏறி உட்கார்ந்து, பங்கு பிரிக்கவிடாமல் மறித்தார்கள். அன்றுதான் அடியாட்கள் அவர் காலை உடைத்தார்கள். பிறகு சிறை. ஆங்கிலம் அங்கே படித்தது, கூட இருந்த ஒரு வாத்தியாரிடம். கடனுக்காக வயலிலேயே பூட்டிவைக்கப்பட்டிருந்த குடும்பங்களை நீதிமன்றம் போய் வெளியே எடுத்தார். மனைவி இறந்தபோதும் சிறைக்குள்ளேதான் இருந்தார். கடைசியில் கொலை வழக்கொன்றில் பெயரைச் சேர்த்தார்கள். அதன்பிறகுதான் மகள் அவரை இங்கே கூட்டிவந்தாள்.

"இதெல்லாம் அப்பா வீட்டில் சொன்னதில்லை," என்றாள். "மேடையில் பேசும்போது கேட்டதுதான்."

கணவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப இந்தக் கதையில நான் ஆர்?" அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவள் மரியாதையான பிள்ளை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நிலச்சுவான்தார், அங்கிள்," என்றாள்.

அவள் போனபிறகு அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கட வீட்டையும் காணியையும் ஆமி எடுத்து இன்னும் தரேல்லை. நான் நிலச்சுவான்தாரோ?"

அடுத்தநாள் இரண்டு கதிரைகளோடு தோட்டத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே," என்றார் கணவர்.

"சொல்லியிருந்தால் நிலத்தைத் தந்திருக்க மாட்டீர்கள்," என்றார் முதியவர்.

அவருக்கு இரண்டு கோரிக்கைகள். கொத்துகிறவன்தான் பறிப்பான், காய் வேண்டுமென்றால் வந்து கொத்த வேண்டும். பறிக்கும்போது யாரும் காவல் இருக்கக்கூடாது. இரண்டாவதை என் கணவர் உடனே ஏற்றுக்கொண்டார். முதலாவதற்குக் கொஞ்சம் இழுத்தார். பேச்சு எப்படியோ எங்கள் ஊர்க் காணிக்குப் போனது. ஊருக்குப் போனபோது ராணுவ முகாமின் கம்பிவேலிக்கு வெளியே நின்று எங்கள் கிணற்றைப் பார்த்துவிட்டு வந்ததைக் கணவர் சொன்னார்.

"அதற்காக யார் கூட்டம் போடுகிறார்கள்?" என்று முதியவர் கேட்டார்.

"ஒருவரும் இல்லை. ஊர்ச்சனம் ஆளுக்கொரு நாட்டில்."

முதியவர் முகம் வாடிப்போனது. கத்தரிக்காய் விஷயத்தில்கூட நான் அவரை அப்படிப் பார்க்கவில்லை. கணவர் எழுந்து போய் மண்வெட்டியை எடுத்தார்.

அந்தக் கோடை முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் கொத்தினார். தோட்டத் துண்டு வைத்திருப்பவர்களின் கூட்டம் இலையுதிர் காலத்தில் நடந்தது. பிறருடைய துண்டுகளில் பங்குக்கு வேலை செய்கிற வேறு முதியவர்களும் இருந்திருக்கிறார்கள், எங்களுக்குத் தெரியாது. சிந்தி முதியவர் அவர்கள் எல்லாரையும் கூட்டிவந்திருந்தார். கொத்துகிறவர் பெயருக்கே துண்டை எழுத வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியது. என் கணவரும் கையைத் தூக்கினார்.

"ஏனப்பா தூக்கினீங்கள்? எங்கட துண்டும் போகுதே," என்றேன்.

"அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர்," என்றார்.

போன குளிர்காலத்தில் மகள் பக்கத்து நகரமான அஜக்ஸில் வீடு வாங்கி அவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஞாயிறுதோறும் அவர் கணவருக்கு போன் எடுப்பார். ஊர்ச்சனத்தில் யாரோடு பேசினீர்கள் என்றுதான் முதலில் கேட்பார். இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுக் கணவர் லண்டனில் ஒருவரோடும் பாரிஸில் ஒருவரோடும் காணியைப் பற்றிப் பேசினார். கூட்டம் எப்போது என்று இப்போது அவர்கள் கேட்கிறார்கள்.