டெல்மர் இழுத்த கைப்பிடி

டெல்மர் செத்துப்போன ஒன்பதாம் நாள் காலையில் அவர் மனைவி ஓபல் என் கதவைத் தட்டினாள்.

"கஸ், கழிவுத் தொட்டி வால்வை மாத்திக் குடுப்பீங்களா? சனிக்கிழமை கிளம்பணும்."

அரிசோனாப் பாலைவனத்தில், வண்டியில் இழுத்து வரும் எங்கள் டிரெய்லர் வீடுகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்க ஆரம்பித்து ஆறு குளிர்காலம் ஆகிறது. டெல்மரும் ஓபலும் சண்டை போடாத நாளை நான் பார்த்ததில்லை. வண்டிக்கு உள்ளே அவள் ராஜ்ஜியம், வெளியே அவர் ராஜ்ஜியம். கழிப்பறைத் தொட்டி நிறைந்ததும் அடியிலுள்ள வால்வுக் கைப்பிடியை இழுத்துக் கழிவைச் சாக்கடையில் திறந்துவிடுவது அவர் வேலை.

பிப்ரவரியில் அந்தக் கைப்பிடி இறுகிப்போனது. டெல்மர் கீழே உட்கார்ந்து இரண்டு கையாலும் இழுப்பார். குளியலறை ஜன்னல் வழியாக ஓபல், "பீர் டப்பா திறக்க மட்டும் பலம் இருக்கு, இதுக்கு இல்லையா?" என்பாள். நாங்களும் சிரிப்போம். கடைசி நாளும் அப்படித்தான் கத்தினாள். பதில் வரவில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது சரளையில் குப்புறக் கிடந்தார். விரல்கள் இன்னும் கைப்பிடியில் மாட்டியிருந்தன.

அந்த இதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றிருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஓபல் நம்பவில்லை.

"மாத்தினா மட்டும் போதாது கஸ். ஏன் இறுகிச்சுன்னு பார்த்துச் சொல்லுங்க. நெஜமாவே இறுகியிருந்துச்சா, இல்ல அவருக்குத்தான் தெம்பு இல்லையா? நான் பாட்டுக்குக் கேலி பண்ணிட்டே இருந்தேனே."

எண்ணெய் விட்டு, இடுக்கியால் கம்பியைப் பிடித்து, சக்கரத்தில் காலை ஊன்றி இழுத்தேன். முக்கால் மணி நேரம் உயிரை வாங்கிவிட்டுத்தான் திறந்தது. தொட்டியைக் காலி செய்து அலசி, நாலு போல்ட்டையும் கழற்றி வால்வை வெளியே எடுத்தேன். உள்ளே அடைப்புத் தகடு ஓடும் பள்ளம் முழுக்கக் கழிவும் காகிதமும் சிமெண்டாகக் காய்ந்திருந்தன. வால்வைத் திறந்தே போட்டால்தான் இப்படி ஆகும். தண்ணீர் ஓடிவிடும், மற்றதெல்லாம் தங்கிக் காயும். டெல்மர் அப்படி விடுகிற ஆள் இல்லை.

ஓபல் எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஜனவரியில அவருக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்துச்சுல்ல, அப்ப மூணு வாரம் இதை நான்தான் பார்த்துக்கிட்டேன். தினம் தினம் யாரு குனியறது? திறந்தே விட்டுட்டேன். ஒரு தொல்லையும் இல்ல. அந்த மூணு வாரமாவது அவருக்கு ஒத்தாசையா இருந்தேன்னு ஒரு ஆறுதல்."

வேறு யாராக இருந்தாலும் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். பழைய வால்வைக் குப்பைப் பையில் போட்டு இறுக்கி முடிந்தேன்.

"ரப்பர் காஞ்சுபோச்சு, அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷ வண்டியாச்சே. அவர் பலத்துல குறையே இல்ல. எனக்கே நாக்குத் தள்ளிருச்சு."

"அப்ப யார் மேலயும் தப்பு இல்ல."

"யார் மேலயும் இல்ல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புது வால்வைப் பூட்டினேன். ஒற்றை விரலுக்கே ஓடியது. அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் நெப்ராஸ்காவில் இருக்கும் மகள் வீடுவரை தனியாகப் போகப் போகிறாள். தங்கும் இடத்திலெல்லாம் திறந்தே விடுவாள், இதுவும் இறுகும், அப்போது இழுத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

"ஓபல், இது புது மாதிரி வால்வு. திறந்தே விடக் கூடாது. தொட்டி நிறையற வரைக்கும் மூடியே இருக்கணும்."

"பழசுக்கு?"

"பழசு வேற மாதிரி."

அவள் நான் முடிந்துவைத்த குப்பைப் பையைப் பார்த்தாள்.

"பழசுக்கும் டெல்மர் இதையேதான் சொன்னார், கஸ். ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு மூணு தடவை சொன்னார். மனுஷன் சும்மா தொணதொணக்கிறார்னு நெனச்சேன்."