பொட்டலம் மடிக்கப் போன ரயில்

பழைய பத்திரிகைக் கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: படிக்க வருகிறவர் அரைமணி நேரம் புரட்டிவிட்டு வெறுங்கையோடு போவார், பொட்டலம் மடிக்க வருகிறவர் ஒரு பக்கம்கூடப் பார்க்காமல் கட்டோடு தூக்கிக்கொண்டு போவார். நம் பிழைப்பு இரண்டாமவரை நம்பித்தான் ஓடுகிறது. விருத்தாசலத்தில், ஜங்ஷனுக்குப் போகிற ரோட்டில் என் கடை. இங்கே பீங்கான் கம்பெனிகளுக்குக் குறைவில்லை. பொம்மையும் அகல்விளக்கும் லாரி ஏறும்முன் தாளில் சுற்றி வைக்கோலில் படுக்க வேண்டும். அந்தத் தாள் என்னிடமிருந்து போகிறது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை ரொம்பக் கம்மி. இரண்டுமே இந்தத் தொழிலுக்கு ஆகாது என்று அனுபவப்பட்டவர்கள் ஒத்துக்கொள்வீர்கள்.

தாடிக்காரரின் ரயில்

சென்னையிலிருந்து வந்த மூட்டையைப் பிரித்தால் செய்தித்தாளுக்கு நடுவே வெளிநாட்டுப் பத்திரிகை ஒரு கட்டு. அத்தனையும் ஒரே பத்திரிகை, மாதம் தவறாமல் வந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்துப் படத்துக்குக் கீழே இருப்பதைப் படித்துப் பார்த்தேன். வீட்டுத் தோட்டத்தில் தண்டவாளம் போட்டுப் பொம்மை ரயில் விடுகிறவர்களுக்கென்றே நடத்துகிறார்களாம். அட்டையில் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் ரோஜாச் செடி ஓரமாக முட்டி போட்டு, ஒரு சாண் உயர இஞ்சினைத் தொட்டும் தொடாமலும் தள்ளிக்கொண்டிருந்தார்.

வழவழத் தாள் கையில் வழுக்கும், பொம்மையை இறுக்கிப் பிடிக்காது என்று கம்பெனிக்காரர்கள் அதை வாங்க மாட்டார்கள். சரி, எவராவது மாட்டுவார் என்று ஒன்றை வாசலில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். மங்கலம்பேட்டையிலிருந்து வருகிற துணிக்கடை பாய் அதை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏங்க, இவ்ளோ வயசுல பொம்ம ரயிலு வுட்டுக்கினு இருக்காரே, இவரு வூட்ல ஒண்ணுமே சொல்ல மாட்டாங்களா?”

வரிசை தப்பாத வாடிக்கையாளர்

மாட்டியவர் ஆரோக்கியசாமி சார். ரயில் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர், சர்ச்சுக்குப் பின்தெருவில் வீடு. கட்டு மொத்தத்தையும் தேதிப்படி அடுக்கச் சொன்னார். அடுக்கினேன், முணுமுணுத்துக்கொண்டே. முதல் இதழை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் இரண்டாவது. ஒன்றை முழுக்கப் படித்து முடிக்காமல் அடுத்ததைத் தொட மாட்டார். அப்படிப்பட்ட ஆளை என் தொழிலில் நான் பார்த்ததே இல்லை.

துபாயில் இருக்கிற மகன் அனுப்பிய பேட்டரி ரயில் ஒன்று வீட்டில் இருக்கிறதாம். முருங்கை மரத்தடியில் தண்டவாளம் போட்டுக்கொண்டிருக்கிறாராம். சும்மா இருக்குமா என் வாய்? “வாழ்க்கை பூரா ரயில் ஓட்டுனீங்களே சார், இன்னும் ஓட்டுற ஆசை போகலையா?” என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். பத்திரிகையைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: “ஓட்டுறதுக்கு இல்லம்மா. நிறுத்துறதுக்கு.”

மூன்றாம் பாகம்

ஒரு தொடர்கட்டுரையைப் பிடித்துக்கொண்டார். லெவல் கிராசிங் கேட்டை நாமே செய்வது எப்படி, ரயில் நெருங்கினால் கேட் தானாக இறங்குவது எப்படி என்று மூன்று பாகம். முதல் பாகம் முடித்து, இரண்டாவது இருந்த இதழை எடுத்துக்கொண்டார். மூன்றாவதில்தான் கேட் இறங்குகிற சூட்சுமம் இருக்கிறது. அது கட்டில் இருக்கிறது என்று நானே காட்டியிருந்தேன். “இந்த ஒண்ணு மட்டும் பத்திரம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாளே நவராத்திரி லோடு. ஒரு பொம்மைக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து நின்றார். செய்தித்தாள் தீர்ந்துபோயிருந்தது. லாரி நிற்கிறது, எது இருந்தாலும் கொடுங்கள் என்று பறந்தார். அவர் பறந்ததில் நானும் பறந்தேன். தராசில் எதை வைக்கிறேன் என்று பார்க்காமலே அந்தக் கட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். போன பிறகுதான் உறைத்தது. இரண்டாம் பாகத்தை ஒரே ராத்திரியில் முடித்துவிட்டுச் சார் வந்தார். தேடிக்கொண்டிருக்கிறேன் சார், மூட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டது என்று பொய் சொன்னேன். மறுநாளும் அதே பொய். மூன்றாம் நாள் பொய் சொல்லக் கூசியது, ஆனாலும் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. படி இறங்கும்போது சொன்னார்: “மெதுவா தேடுங்கம்மா, அவசரமில்ல. இருவது வருஷமா காத்துக்கினு இருக்கேன், இன்னும் நாலு நாளு இருக்க மாட்டேனா.”

செல்வி எடுத்து வைத்தது

அன்றைக்கே கடையைச் சாத்திவிட்டு அந்தக் கம்பெனிக்குப் போனேன். லாரி போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. என் கட்டு சுக்கு நூறாகக் கிழிந்து, பிள்ளையார் கழுத்திலும் செட்டியார் பொம்மை தொப்பையிலும் சுற்றிக்கொண்டு எந்த ஊருக்குப் போயிற்றோ. பேக்கிங் கொட்டகையில் செல்வி என்கிற பெண் வைக்கோலுக்கு நடுவே உட்கார்ந்து அடுத்த லோடைக் கட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் குரல் உடைந்தது. ஒரு பத்திரிகைக்காக ஏன் அழவேண்டும் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை.

செல்வி எழுந்து போய்ச் சாக்குக்கு அடியிலிருந்து ஒரு இதழை இழுத்துவந்து நீட்டினாள். அட்டை இல்லை, கடைசிப் பக்கங்கள் இல்லை. ஆனால் நடுவில் அந்த மூன்றாம் பாகம் முழுசாக இருந்தது. கேட், பக்கத்தில் கொடி பிடித்தபடி விரல் உயரத்துக்கு ஒரு கேட்கீப்பர், ரோட்டில் குட்டிக் குட்டி ஆட்கள். இதை மட்டும் ஏன் கிழிக்கவில்லை என்று கேட்டேன். “பொம்மய சுத்துற தாள்லயே இவ்ளோ அழகா பொம்ம இருந்தா எப்டிக்கா கிழிக்கிறது? கை வரல, வச்சிட்டேன்.”

சூளை தின்ற உயரம்

அட்டையில்லாத இதழைக் கொண்டுபோய்க் கொடுத்ததும், படத்திலிருந்த கேட்கீப்பரைப் போல ஒன்று மண்ணில் செய்ய முடியுமா என்று சார் கேட்டார். நான் பட்ட கடனுக்கு முடியாது என்று சொல்ல வாயிருக்குமா? செல்வி வேலை பார்க்கிற கம்பெனியில் அச்சு செய்கிற முருகேசனிடம் கூட்டிப்போனேன். இப்போதெல்லாம் கேட்டில் பொம்பிளைங்கதான் நிற்கிறார்கள், பொம்பிளையாகவே செய்யுங்கள் என்று செல்வி சொல்ல, சாரும் சரி என்றார். பத்திரிகையில் உள்ள கணக்கின்படி உயரத்தைத் தசமப் புள்ளி வைத்துத் துல்லியமாக எழுதிக் கொடுத்தார்.

சூளைக்குப் போன மண் சுருங்கும் என்பது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். புள்ளி வைத்துக் கணக்குப் போடுகிற மனிதர் அதையும் சேர்த்துத்தான் எழுதியிருப்பார் என்று முருகேசன் நினைத்தான். பீங்கான் வேலைக்காரன் அதைப் பார்த்துக்கொள்வான் என்று சார் நினைத்தார். இரண்டு மரியாதையும் சேர்ந்து கேட்கீப்பர் அம்மாவைச் சுண்டுவிரல் அகலம் குள்ளமாக்கிவிட்டது. நான் முருகேசனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “இத ஒடசல்ல போட்டுட்டு வேற செஞ்சு தரேன் சார்” என்று கையை நீட்டினான்.

சார் கொடுக்கவில்லை. வர்ணம் பூசாத அந்த வெள்ளைப் பொம்மையை உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்துக்கொண்டே நின்றார். பின்னிய சடை, மெலிந்த தோள். “எட்டாவது படிக்கிற பொண்ணு ஒசரம் இருக்குது” என்றார். பிறகு அங்கேயே, உடைசல் மேட்டுக்குப் பக்கத்தில் நின்றபடி சொன்னார். இருபது வருஷத்துக்கு முன்னால், ஆள் இல்லாத ஒரு லெவல் கிராசிங். பள்ளிக்கூடத்துப் பெண் ஒன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தது. தூரத்திலேயே பார்த்துவிட்டார். ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அவர்மேல் தப்பில்லை என்று விசாரித்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அவர் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். முருகேசன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். சார் இப்படி முடித்தார்: “பிரேக்கு போட்டேம்மா. வண்டி நின்னுச்சு. அவளத் தாண்டிப் போயிதான் நின்னுச்சு.”

முருங்கை மரத்தடியில்

முருகேசன் சரியான உயரத்தில் இன்னொன்று செய்து, காக்கிப் புடவை பூசி, கையில் கொடியும் கொடுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கையோடு சார் எங்கள் மூன்று பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். முருங்கை மரத்தைச் சுற்றித் தண்டவாளம் ஓடியது. செங்கல் பொடியில் ஒரு மண்ரோடு அதைக் குறுக்கே வெட்டியது. கேட் ஓரத்தில் காக்கிப் புடவைக்காரி. ரோட்டின் இந்தப் பக்கம், தண்டவாளத்துக்கு ஒரு விரல்கடை தள்ளி, அந்தக் குள்ளமான வெள்ளைப் பெண். அவளுக்கு அவர் வர்ணமே பூசவில்லை.

சார் பட்டனை அழுத்தினார். ரயில் மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. அது நெருங்க நெருங்கச் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு ‘கிளிக்’. கேட் இறங்கியது. இஞ்சின் அதற்கு ஒரு சாண் முன்னால் தானாக நின்றது. அவ்வளவு அமைதியாக ஒரு ரயில் நின்று நான் பார்த்ததில்லை. முருகேசன்தான் முதலில் கவனித்தான். “சார், கேட்ட மாத்திப் போட்டுட்டீங்க. ரோட்டுக்குக் குறுக்க எறங்கணும். இது தண்டவாளத்துக்குக் குறுக்க இல்ல எறங்குது? பொஸ்தகத்துல அப்டியா போட்டுருக்குது?”

சார் குனிந்து, அந்த வெள்ளைப் பெண்ணை இரண்டு விரலால் எடுத்து, அவசரமே இல்லாமல் தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. “பொஸ்தகத்துல சரியாதாம்ப்பா இருக்குது. நாந்தான் மாத்துனேன். எல்லா ஊர்லயும் ரயிலு போவுறதுக்கு ஆளுங்க நிக்கிறாங்க. என் வூட்ல அவ போவட்டும், ரயிலு நிக்கட்டும்.”

அன்றிலிருந்து எந்தக் கட்டு வந்தாலும் பொட்டலத்துக்குப் போடும்முன் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்கிறேன். நம் தொழிலில் இதைவிடக் கேடுகெட்ட பழக்கம் வேறில்லை.