தோசைக்கல்லை விட்டு ஓடிய நாள்

போன வருடம் ஆடி மாதம், திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் ஒரு சின்ன டிபன் கடையில் நடந்தது இது. நான் அப்போது ஃபார்மசி கடைசி வருட மாணவி. டாக்டர், நர்ஸ், பிசியோதெரபி, ஃபார்மசி என்று வேறு வேறு படிப்புக்காரர்களை ஒரு குழுவாக்கி, குழுவுக்கு ஒரு நோயாளியை ஒப்படைக்கும் பயிற்சி எங்களுக்கு. சேர்ந்து வேலை செய்யக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒன்றாக பஸ் ஏறினோம், ஒன்றாக டீ குடித்தோம். சேர்ந்துதான் வேலை செய்கிறோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குக் கிடைத்தவர் அந்தக் கடைக்கார அக்கா. இதயம் பலவீனம். உடம்பில் நீர் கோத்துக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஏற்கெனவே இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர். இப்போது கால் மறுபடி வீங்க ஆரம்பித்திருந்தது. இன்னொரு முறை படுத்தால் பௌர்ணமி வியாபாரம் போய்விடும். அந்த ஒரு நாளை நம்பித்தான் அவருக்கு மாதமே ஓடுகிறது.

"பௌர்ணமிக்கு நான் தோசக்கல்லாண்ட நிக்கணும். அவ்ளோதான் எனக்கு" என்றார்.

நாங்கள் ஆளுக்கொரு பக்கம் ஆரம்பித்தோம். டாக்டருக்குப் படிப்பவர், தண்ணீரை அளந்து கம்மியாகக் குடிக்கச் சொன்னார். பிசியோ மாணவர், உடற்பயிற்சி முடித்ததும் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். நர்ஸ் மாணவி, சாப்பிட்டதும் காலை உயரமாக வைத்துப் படுக்கச் சொன்னாள். பிசியோ உடனே, சாப்பிட்டதும் கொஞ்சம் நடக்கச் சொன்னார். நான் என் பங்குக்கு, நீர் பிரிய வைக்கும் மாத்திரையைக் காலையில் எழுந்ததும் போடச் சொல்லி, அது சிறுநீரகத்தில் எப்படி வேலை செய்கிறது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஏம்பா, நாலு பேரும் ஒரே பஸ்லதான வந்தீங்க? வழியில பேசிக்கவே மாட்டீங்களா?"

"பேசினோம்க்கா" என்றார் பிசியோ.

"இன்னாத்த பேசினீங்க?"

எந்தக் கடையில் பிரியாணிக்குப் பீஸ் ஜாஸ்தி வைக்கிறார்கள் என்றுதான் வழியெல்லாம் பேசியிருந்தோம்.

"சரி, நீங்க சொன்னதெல்லாம் யாராச்சும் ஒருத்தர் ஒரு நாள் செஞ்சு காட்டுங்க. கடையும் நடக்கணும். அப்புறம் நானும் செய்றேன்."

அவர் முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். யோசித்துவிட்டுக் கை தூக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.

மறுநாள் காலை கல்லுக்கு முன்னால் நான். நிஜமாகவே மாத்திரை போட முடியாதே, அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். நர்ஸ் மாணவியின் செல்போனில் அலாரம் அடிக்கும்போதெல்லாம் நான் கழிப்பறைக்குப் போய் வர வேண்டும். கடையில் கழிப்பறை கிடையாது. அக்காவின் வீட்டுக்குத்தான் ஓட வேண்டும், அது பின்னால் இரண்டு தெரு தள்ளி. எப்போதெல்லாம் அலாரம் அடிக்க வேண்டும் என்று மருந்தின் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டுக் கொடுத்ததும் நானேதான். ரொம்ப நேர்மையாகப் போட்டுத் தொலைத்திருந்தேன்.

முதல் அலாரத்துக்குச் சிரித்துக்கொண்டே ஓடினேன். அடுத்தது, தோசை ஊற்றிய கையோடு. திரும்பி வந்தால் கல்லிலிருந்து புகை. காத்திருந்த ஆட்டோ அண்ணன், "பாப்பா, தோசை கேட்டா கரி தர்றியே, பல்லு வெளக்கவா?" என்றார். வருங்கால டாக்டர் சாம்பார் வாளியோடு விழுந்து விழுந்து சிரித்தார். அதற்கடுத்த ஓட்டத்தில் ஒரு குடும்பமே எழுந்து எதிர்க் கடைக்குப் போய்விட்டது. மறுபடி அலாரம் அடித்தபோது கல்லில் நாலு தோசை. என்னால் நகர முடியவில்லை.

"ஏய், அத ஆஃப் பண்ணுடி!" என்று கத்தினேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து மெதுவாக, "அதையேதான் பாப்பா நானும் பண்றேன்" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கடை திறக்கிற நாட்களில் அவர் அந்த மாத்திரையையே தொடுவதில்லை. கால் வீங்காமல் என்ன செய்யும்?

"ஏன்க்கா எங்ககிட்ட சொல்லல?"

"போடுங்கன்னுதான சொன்னீங்க, போடுறீங்களான்னு யாரு கேட்டீங்க? அதுவும் இந்தத் தம்பிங்க எதிர்ல இதெல்லாம் எப்படிச் சொல்றது?"

தம்பிகள் இருவரும் அவசரமாகச் சட்னியைக் கிளறினார்கள்.

அன்று மதியம் கடை மூடிய பிறகுதான் நாங்கள் நாலு பேரும் முதல்முறையாக உருப்படியாகச் சண்டை போட்டோம். மாத்திரையைக் காலையில் போடாமல், கடை மூடி வீட்டுக்குப் போனதும் போட்டால் என்ன என்று நான் கேட்டேன். அங்கிருந்தே அக்காவின் டாக்டருக்குப் போன் போட்டோம். தாராளமாக மாற்றலாம் என்றார். அப்படியானால் படுத்துக் காலை உயர்த்துவதும் அந்த நேரத்துக்கே போகட்டும் என்றாள் நர்ஸ் மாணவி. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னதை பிசியோ வாபஸ் வாங்கினார். நடைக்குப் பதிலாக, கல்லருகே நின்றபடியே குதிகாலை ஏற்றி இறக்கும் பயிற்சி கொடுத்தார். பௌர்ணமிக் கூட்டத்துக்குக் கடையை மறுபடி திறப்பது எப்படியும் சாயங்காலம்தான். அதற்குள் மாத்திரையின் வேகம் அடங்கிவிடும். யார் போய் அக்காவிடம் சொல்வது என்று மறுபடி சண்டை. "யாராச்சும் ஒருத்தர் மட்டும் சொல்லுங்கப்பா, புண்ணியமாப் போவும்" என்று அக்காவே உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

சில நாட்களிலேயே கால் வீக்கம் வடிந்தது. பௌர்ணமி அன்று அக்கா கல்லின் முன்னால் ராணி மாதிரி நின்றார். எங்கள் நாலு பேருக்கும் தட்டுக் கழுவும் வேலை. கல் பக்கம் என்னை மட்டும் அவர் விடவேயில்லை.

இப்போது வேலைக்கு வந்துவிட்டேன், ஆனாலும் "இதப் போட்டுக்கிட்டு பகலெல்லாம் எங்க இருப்பீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் யாரிடமும் மாத்திரைக் கவரை நீட்ட எனக்குக் கை வருவதில்லை.