காது கேட்டது, கேள்வி புரியவில்லை

எனக்கு வயது அறுபத்தெட்டு. போன வருடம் காதுக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் ஆபரேஷன் செய்துகொண்டேன். இப்போது சத்தம் கேட்கிறது. இரைச்சலுக்கு நடுவே பேச்சுதான் பிடிபடுவதில்லை.

மிளகாய்க் காட்டில் காலில் முள் குத்திய இடம் சீழ் பிடிக்கவே, மகன், மருமகளோடு கோவில்பட்டியில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். மாஸ்க் போட்ட நர்ஸ் ஏதோ கேட்டார். புரியாமல் விழித்தேன்.

"அதான் மிஷின் மாட்டியாச்சுல்லா, இன்னுமா கேக்கல?" என்று மகன் எல்லார் முன்னாலும் கத்தினான். அவமானத்தில் தலையாட்டி வைத்தேன்.

ஊசியோடு நர்ஸ் நெருங்கியபோது, மருந்துச் சீட்டோடு வந்த மருமகள் அலறினாள்: "நிறுத்துங்க! அத்தைக்குப் பென்சிலின் ஆகாது!"

பென்சிலின் ஒத்துக்கொள்ளுமா என்றுதான் நர்ஸ் கேட்டாராம்; நான் தலையாட்டியதை ஆமென்று எடுத்துக்கொண்டாராம்.

"ஏலே, மிஷின் சத்தத்தத்தாம்ல தரும். மூஞ்சியப் பாத்து நிதானமா நீங்கதான் பேசணும்!" என்று மகனிடம் வெடித்தேன்.

இப்போதெல்லாம் கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யாமல் நான் தலையாட்டுவதில்லை. சலித்துக்கொள்பவர்கள் சலித்துக்கொள்ளட்டும், உயிர் என்னுடையது.