அளவைத் தாண்டிய கண்

செமிலிங்கில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் நின்றால் ஜெராய் மலை தெரியும். எந்த மடிப்பில் மேகம் ஒட்டியிருக்கிறது, எங்கே மழை இறங்குகிறது, எல்லாம் சொல்லிவிடுவேன். கையிலிருக்கும் ஊசியின் காதுதான் தெரியாது. சின்ன வயதிலிருந்தே கிட்டத்தில் மங்கல்தான். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிச் சமாளித்தேன். நாற்பதைத் தொட்டதும் அதுவும் முடியவில்லை. கண்ணாடியா, எனக்கா, போங்கலா என்று வீம்பாகத் திரிந்தேன்.

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் வீம்பெல்லாம் பயமாகிவிட்டது. மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டையும் நாத்தனார்தான் போடவேண்டும். அம்மா போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். "கண்ணு சரியில்லடா, சித்தி மக போடட்டும்" என்றேன்.

"நீ போடலன்னா எனக்குக் கல்யாணமே வேணாங்கா" என்றான். பாவிப்பயல், பிடிவாதத்தில் என்னையே உரித்து வைத்திருக்கிறான்!

அலோர் ஸ்டார் பட்டணத்துக் கண்ணாடிக்கடையில் என்னைச் சோதித்த தமிழ்ப்பெண், "ஹைப்பர்மெட்ரோப்பியாக்கா, தூரப்பார்வை" என்றாள். இவ்வளவு நீளப் பேருக்கு என்னம்மா அர்த்தம் என்று நான் விடவில்லை. சிரித்துவிட்டாள். "கிரேக்கச் சொல்லுக்கா. ஹைப்பர்னா தாண்டினது, மெட்ரான்னா அளவு, ஓப்ஸ்னா கண்ணு. உங்க கண்ணுல படம் விழவேண்டிய இடத்தத் தாண்டி விழுதுலா."

அளவைத் தாண்டிய கண். பஸ்ஸில் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். வயலெல்லாம் தண்ணீர், தண்ணீரில் வானம், அதற்கப்பால் நீலமாய் ஜெராய். என் பார்வை இத்தனை வருஷம் எதையெதைத் தாண்டிப் போய் விழுந்ததோ? பாதித் தூக்கத்தில், அது கொக்கு மாதிரி வயல்மேல் தாழப் பறந்துபோவதாகத் தோன்றியது. கூப்பிட்டேன், திரும்பவில்லை.

கோயிலில் கண்ணாடியோடு மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்றேன். "போட்டோல நல்லாவா இருக்கும்? கழட்டுடி" என்று அத்தை கிசுகிசுத்தாள்.

"சும்மா இருங்கத்த!"

கெட்டிமேளம் முழங்கியது. தம்பி குனிந்து ஒரு முடிச்சைப் போட்டுக் கயிற்றை என் விரல்களில் விட்டான். மஞ்சள் நூல் இழை இழையாகத் தெரிந்தது. இரண்டு முடிச்சையும் இறுக்கினேன்.

நிமிர்ந்தேன். அவன் முகம் ஒரு சாண் தூரத்தில். இமையோரம் ஒரு சின்ன மச்சம், அதன்மேல் கண்ணீர். நான் குளிப்பாட்டி, சோறூட்டி, பொட்டு வைத்து வளர்த்த முகம். அந்த மச்சத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.